ஆர்ட் தெரபியும் குடும்ப ஆலோசனையும்: பல்கலைக்கழக மாலை வகுப்பு, காசுக்குத் தகுமா?

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், பொறுமை இருப்பவர்கள் மீதியைப் படிக்கலாம். குடும்ப சேவை நிலையம், மாணவர் பராமரிப்பு நிலையம், பள்ளி, மருத்துவமனைச் சமூகப் பணி என்று ஏற்கனவே குடும்பங்களோடு பழகும் வேலையில் இருப்பவர் என்றால் தாராளமாகச் சேருங்கள். முடித்த மறுநாள் 'ஆர்ட் தெரபிஸ்ட்', அதாவது வரைய வைத்து மனநல சிகிச்சை தருபவர், என்று அட்டை அடித்துக்கொள்ளலாம் என்ற கணக்கில் போனால் காசு தண்டம். எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லப்போவதில்லை, கீழே கொஞ்சம் திட்டியிருக்கிறேன். சிங்கப்பூரில் இந்த மாதிரி மாலைப் பாடங்கள் இப்போது பல இடங்களில் நடக்கின்றன, நான் சொல்வதில் பாதியாவது உங்கள் கண்ணில் பட்ட பாடத்துக்கும் பொருந்தும்.

வகுப்பு வார நாளில், இரவு 7 மணிக்குத் தொடங்கி 10 வரை. பருவத்தின் முதல் பாதி ஆர்ட் தெரபி அடிப்படை, அடுத்த பாதி குடும்ப ஆலோசனை, கடைசி சில வாரங்கள் இரண்டையும் சேர்த்து, ஒரு குடும்பத்தை எப்படி ஒரே மேசையில் உட்கார வைத்து வரைய வைப்பது என்று. பயிற்று மொழி ஆங்கிலம். கூடப் படித்தவர்களில் தாதியர், பாலர் பள்ளி ஆசிரியைகள், வங்கி வேலையை விட்டுவிட்டு அடுத்து என்ன என்று தேடிக்கொண்டிருந்த ஒருவர், அப்புறம் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர். அவரை வகுப்பில் எல்லோருமே, சீன நண்பர்கள் உட்பட, சார் என்றுதான் கூப்பிட்டோம். நான் மாணவர் பராமரிப்பு நிலையத்தில் வேலை பார்க்கிறேன், பள்ளி விட்டு வரும் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளை அப்பா அம்மா வந்து அழைத்துப்போகும்வரை மேய்ப்பது.

வரலாற்றை ஒரே மாலையில் முடித்துவிட்டார்கள், அதுவே போதும். ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கிலேய ஓவியர் காசநோய் சானடோரியத்தில் படுத்திருந்தபோது வரைந்து வரைந்தே தேறி, மற்ற நோயாளிகள் கையிலும் பென்சிலைக் கொடுத்து, 1942இல் இதற்கு 'ஆர்ட் தெரபி' என்று பெயர் வைத்தது. அமெரிக்காவில் மார்கரெட் நாம்பர்க் படத்தை மனதுக்குள் நுழையும் வாசலாகப் பார்த்தது, ஈடித் கிரேமர் வாசலும் வேண்டாம் சன்னலும் வேண்டாம், வரைவதே மருந்து என்றது. குடும்பத்தோடு வரைய வைப்பதில் முன்னோடி, அமெரிக்க தேசிய மனநலக் கழகத்தில் வேலை செய்த ஹன்னா குவியாட்கோவ்ஸ்கா. இவ்வளவுதான். பெயர்களை மனப்பாடம் பண்ணச் சொல்லவில்லை, நல்ல காலம்.

வகுப்பின் உண்மையான சரக்கு, படத்துக்கு அர்த்தம் சொல்லாமல் இருக்கக் கற்றுக்கொடுத்ததுதான். கேட்க லேசாக இருக்கும். வாட்ஸ்அப்பில் சுற்றுமே, பிள்ளை கறுப்பில் வரைந்தால் மனச்சோர்வு, கதவில்லாத வீடு வரைந்தால் பயம், அப்பாவைச் சின்னதாகப் போட்டால் பாசம் இல்லை என்று, அந்த மாதிரி ஜோசியத்தைத்தான் கற்றுத்தரப்போகிறார்கள் என்று பாதிப் பேர் நினைத்து வந்திருந்தார்கள். விரிவுரையாளர் முதல் வகுப்பிலேயே அதில் மண்ணைப் போட்டார். கறுப்பு பேனா மட்டும்தான் கைக்கு எட்டியிருக்கும், கதவு வரைய நேரம் இருந்திருக்காது, வரைந்தவரைக் கேட்காமல் உங்களுக்கு எப்படித் தெரியும் என்றார். குடும்பத்தில் ஒவ்வொருவரும் ஏதாவது செய்துகொண்டிருப்பது மாதிரி வரையச் சொல்லும் சோதனை ஒன்று உண்டு, பர்ன்ஸும் காஃப்மனும் 1970இல் கொண்டுவந்தது. அதைக் காட்டிவிட்டு, இந்த மாதிரிப் படங்களை மட்டும் வைத்து ஒரு பிள்ளையைப் பற்றி முடிவுக்கு வருவதற்கான ஆய்வுச் சான்று பலவீனமானது என்பதையும் மறைக்காமல் சொன்னார். தான் கற்றுக்கொடுக்கும் கருவியைப் பற்றியே இப்படிப் பேசுகிறவர்கள் குறைவு, அங்கேயே எனக்கு அவர் மேல் மதிப்பு வந்துவிட்டது.

பயிற்சி இதுதான். ஒருவர் வரைய வேண்டும், எதிரில் இருப்பவர் கண்ணில் படுவதை மட்டும் சொல்ல வேண்டும். 'இடது மூலையில் ஒரு சிவப்பு வட்டம், அதுக்கு மேல கோடு ரொம்ப அழுத்தமா இருக்கு.' அதோடு நிறுத்த வேண்டும். 'கோபமா இருந்தீங்களா?' கூடாது. 'இது யாரு, அம்மாவா?' கூடாது. இதைவிடக் கொடுமை, 'அழகா இருக்கு' என்பதும் கூடாது! எங்கள் சாருக்கு அதுதான் முடியவே இல்லை. முப்பது வருஷம் பிள்ளைகள் நோட்டில் 'நன்று' போட்ட கை, வாய் தானாக வெரிகுட் என்று சொல்லிவிடும், உடனே அவரே நாக்கைக் கடித்துக்கொள்வார். பாராட்டு ஏன் ஆகாது என்பதை விளக்கியபோது எனக்கு நிலையத்துப் பிள்ளைகள் வரிசையாகக் கண்முன் வந்தார்கள். அழகு என்று ஒரு முறை சொல்லிவிட்டால் அடுத்த படம் நமக்காக வரையப்படும், அதே பூ, அதே சூரியன், அதே வீடு. நிலையத்துச் சுவர் முழுக்க அந்தச் சூரியன்தான்.

வரைபொருள் பற்றிய வகுப்பும் அருமை. பென்சில், கலர் பென்சில், மார்க்கர், ஆயில் பாஸ்டல், வாட்டர் கலர், ஈரக் களிமண் என்று மேசையில் வரிசையாக வைத்தார்கள். ஒரு முனையில் கைக்கு முழுசாக அடங்குவது, மறு முனையில் அடங்காமல் ஓடுவது. இதை 1978இல் கேகினும் லூஸ்பிரிங்கும் ஒரு கோட்பாடாக எழுதினார்கள், ஒவ்வொரு பொருளும் ஆளை ஒவ்வொரு பக்கம் இழுக்கும், தண்ணீர்ப் பதம் கூடக்கூட உணர்ச்சி மேலே வரும், பென்சில் பக்கம் போகப்போக யோசனை மேலே வரும் என்பது சாரம். கேட்டால் பொதுப்புத்தி மாதிரி இருக்கிறது. ஆனால் வங்கிக்காரர் ஈரக் களிமண்ணைத் தொட்டதும் கையை எடுத்துக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார், உருட்டச் சொன்னாலும் ஒரு விரலால் குத்திப் பார்த்தார், கடைசிவரை கை முழுசாக மண்ணில் படவில்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை. விரிவுரையாளர் அவர் பக்கத்தில் ஓர் ஐஸ்கிரீம் குச்சியை வைத்துவிட்டுப் போய்விட்டார், அதை வைத்து மனிதர் அரைமணி நேரம் மண்ணைச் செதுக்கிக்கொண்டிருந்தார். அந்தக் குச்சி புத்தகத்தில் கிடைக்காது.

இன்னொன்றும் அதே மாலையில் கற்றது: தாளின் நாலு ஓரத்தையும் மாஸ்கிங் டேப்பால் மேசையோடு ஒட்டிவிடுவது. தாள் நகராது, பக்கவாதம் வந்து ஒரு கை மட்டும் வேலை செய்யும் முதியவரும் வரையலாம், ஓரத்தில் வேலி போட்ட மாதிரி இருப்பதால் துறுதுறுவென்று இருக்கும் பிள்ளைகளுக்கும் எங்கே நிறுத்துவது என்று தெரிகிறது. நிலையத்தில் இப்போது டேப் இல்லாமல் நான் தாளே கொடுப்பதில்லை.

சரி, குடும்ப ஆலோசனைப் பகுதிக்கு வருகிறேன். கோட்பாட்டு வகுப்புகள் கொஞ்சம் தூக்கம், உண்மையைச் சொல்லிவிட வேண்டும், வேலை முடித்துச் சாப்பிடாமல் ஓடிவந்து இரவு ஒன்பதரைக்கு மூன்று பேர் உறவை முக்கோணமாகப் பார்க்கும் முர்ரே போவெனின் கோட்பாட்டைக் கேட்டால் யாருக்கும் கண் சொக்கும். இருந்தாலும் சால்வடார் மினுச்சின் பகுதி விழிக்க வைத்தது. 1960களில் நியூயார்க்கிலும் பிறகு ஃபிலடெல்ஃபியாவிலும் ஏழைக் குடும்பங்களோடு வேலை செய்தவர். வீட்டுக்குள் யாருக்கும் யாருக்கும் நடுவில் கோடு எங்கே இருக்கிறது, எங்கே இரும்பாக இருக்கிறது, எங்கே கோடே இல்லை என்று பார்ப்பவர். ஆலோசகர் முதலில் குடும்பத்தோடு சேர வேண்டும், அப்புறம்தான் எதையும் அசைக்க முடியும் என்பது அவர் பாடம். இதை விளக்க ஸ்லைடு ஸ்லைடாகப் போட்டார்கள். பின் வரிசையிலிருந்து சார் என் பக்கம் சாய்ந்து, "கொடுக்கிற டீயைக் குடிச்சிட்டுப் பேச்சை ஆரம்பின்னு சொல்றாங்கம்மா, அவ்வளவுதான்" என்றார்.

எல்லாம் கூடி வந்தது சேர்ந்து வரையும் பயிற்சியில். ஹெலன் லாண்ட்கார்ட்டன் என்ற அமெரிக்க ஆர்ட் தெரபிஸ்ட் உருவாக்கிய முறை. ஆளுக்கு ஒரு நிற மார்க்கர், கடைசிவரை மாற்றக் கூடாது, அப்போதுதான் எது யார் போட்ட கோடு என்று தெரியும். முதலில் குடும்பம் இரண்டு அணியாகப் பிரிந்து பேசாமல் வரையும், பிறகு எல்லோரும் ஒரே தாளில், அப்போதும் பேசாமல், கடைசியில் பேசிக்கொண்டு. பார்க்கிறவர் கவனிக்க வேண்டியது படத்தை அல்ல. யார் முதலில் கை வைத்தது, யார் கடைசி, யார் எவ்வளவு இடம் பிடித்தது, யார் யாருடைய கோட்டின் மேல் ஏறியது, யார் சொன்ன யோசனை காதில் விழாமலே போனது.

வகுப்பில் நாங்களே ஒரு குடும்பமாக நடித்தோம். தாதி ஒருவர் மருமகள், வங்கிக்காரர் மகன், நான் பதினான்கு வயதுப் பேத்தி, சார் மாமியார். நடிப்பே வேண்டாத அளவுக்குச் சார் மாமியாராகிவிட்டார். மருமகள் பச்சை நிறத்தில் தாளின் நடுவில் ஒரு வீடு வரைந்தாள், நான் மூலையில் பூனை, மகன் மார்க்கர் மூடியைத் திறக்கவே யோசித்துக்கொண்டிருந்தார். மாமியார் சிவப்பை எடுத்துப் புள்ளி வைக்க ஆரம்பித்தார். வரிசையாக, நிதானமாக, வீட்டுக்கு முன்னால், வீட்டைச் சுற்றி, அப்புறம் வீட்டுக்குள்ளேயும். பிறகு புள்ளிகளைச் சுற்றி வளைத்துக் கம்பிக் கோலம். பச்சை வீடு சிவப்பு வளைவுகளுக்குள் காணாமல் போனது, பூனையின் வால் உட்பட.

முன் வரிசையில் ஒருத்தி உடனே, பாட்டி எல்லோரையும் கட்டிப்போடுகிறாள், ஆதிக்கம் என்றாள். சார் நிமிர்ந்து, "வாசல்ல கோலம் போட்டேன், இதுல என்னம்மா ஆதிக்கம்?" என்றதும் வகுப்பே சிரித்துவிட்டது. விரிவுரையாளருக்குக் கோலம் தெரியாது. தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளவும் இல்லை. பாட்டியையும் கேட்கவில்லை, சிரித்தவர்களையும் கேட்கவில்லை, மருமகளிடம் திரும்பி, முதல் புள்ளி உன் வீட்டுக்குள் வந்தபோது உன் கை என்ன செய்தது என்று மட்டும் கேட்டார். தாதி கொஞ்ச நேரம் யோசித்து, நிறுத்திவிட்டேன், அத்தை முடிக்கட்டும் என்று காத்திருந்தேன் என்றாள், சொல்லிவிட்டு, வீட்டிலும் அப்படித்தான் என்று தானாகச் சேர்த்தாள். தாதி மலாய்க்காரப் பெண், கோலம் அவள் வீட்டு வழக்கம் இல்லை. ஆதிக்கம் என்ற தீர்ப்பை அங்கேயே ஒத்துக்கொண்டிருந்தால் இந்தப் பதில் வந்தே இருக்காது. நான் கட்டிய பணம் அந்த ஒரு கேள்விக்கே செரித்துவிட்டது.

குடும்ப மரம் வரையும் வகுப்பில் வேறு கூத்து. ஜெனோகிராம் என்பார்கள், ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், மூன்று தலைமுறை, ஒரே வீட்டில் இருப்பவர்களைச் சுற்றிப் புள்ளிக்கோடு. கொடுத்த மாதிரித் தாளில் அப்பா பக்கம் ஒரு கிளை, அம்மா பக்கம் ஒரு கிளை, நடுவில் பிள்ளைகள். என் தாத்தா கட்டியது சொந்த அக்காள் மகளை. என் பெரியப்பா கட்டியது மாமன் மகளை. கிளை பிரியாமல் வளையம் வளையமாகத் திரும்பி வந்தது, பக்கத்தில் இருந்த சீனப் பெண் என் தாளைப் பார்த்து எம்ஆர்டி ரயில் வரைபடமா என்று கேட்டாள். இதற்குக் குறி உண்டு, உறவுக்குள் திருமணம் என்றால் இரட்டைக் கோடு, ஆனால் பாடத்தில் அதை மருத்துவக் காரணத்துக்காக ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். மாமியாரே அத்தையாகவும் இருக்கும் வீட்டில் ஒரு சண்டை எத்தனை பக்கம் கிளம்பும், யார் யாரிடம் முறையிட முடியாமல் போகும் என்பதெல்லாம் பேச நிறைய இருக்கிறது, பேசவில்லை. வீட்டோடு தங்கிப் பிள்ளையை வளர்க்கும் பணிப்பெண்ணைப் புள்ளிக்கோட்டுக்கு உள்ளே போடுவதா வெளியே போடுவதா என்று ஒருவர் கேட்டது நல்ல கேள்வி. சிங்கப்பூரில் கேட்க வேண்டிய கேள்வி. உங்கள் குடும்பத்தார் எப்படிச் சொல்கிறார்களோ அப்படி என்றார் விரிவுரையாளர், பதில் சரிதான், ஆனால் அதற்கு ஒரு முழு வகுப்பு ஒதுக்கியிருக்கலாம். படிக்கக் கொடுத்த கட்டுரைகள் ஏறக்குறைய எல்லாமே அமெரிக்கா, கொஞ்சம் பிரிட்டன்.

உள்ளூர்ச் சட்டம் பற்றிய பகுதி மட்டும் விதிவிலக்கு, இங்கே உள்ளதை உள்ளபடி சொன்னார்கள். 2024 ஜூலை 1 முதல் இரு தரப்பும் ஒத்துக்கொண்டு மணவிலக்குப் பெறும் வழி வந்திருப்பது, 21 வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் மனுப் போடும் முன் பெற்றோருக்கான கட்டாய நிகழ்ச்சியை முடிக்க வேண்டியிருப்பது, இதெல்லாம் எங்கள் நிலையத்துக்கு வரும் குடும்பங்களிடம் பேச உடனடியாகக் கைகொடுத்தது.

இப்போது திட்டு. முதல் குறை விளம்பரம். 'ஆர்ட் தெரபியில் உங்கள் பயணத்தைத் தொடங்குங்கள்' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, இது தொழில் தகுதி அல்ல என்பதை அடியில் பொடி எழுத்தில் போடுவது நியாயமில்லை. சிங்கப்பூரில் ஆர்ட் தெரபிஸ்டுகளுக்குச் சட்டப்படியான பதிவேடு கிடையாது, 2011இல் வந்த துணை மருத்துவத் தொழில்கள் சட்டம் பிசியோதெரபிஸ்ட், பேச்சு சிகிச்சையாளர் மாதிரியானவர்களைத்தான் பதிவுக்குள் கொண்டுவந்தது. அதனால் யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ளலாம் என்ற நிலை, அதனாலேயே நேர்மையான பாடம் இதை முதல் வரியில் சொல்ல வேண்டும். முறையாக ஆர்ட் தெரபிஸ்ட் ஆக நினைப்பவர்களுக்கு லாசால் கலைக் கல்லூரியில் முதுகலைப் படிப்பு 2006 முதல் இருக்கிறது, நூற்றுக்கணக்கான மணி நேரம் மேற்பார்வையோடு நேரடிப் பயிற்சி செய்ய வேண்டும், அதற்கு மாற்றாக ஒரு மாலைப் பாடம் ஆகவே ஆகாது.

இரண்டாவது, கள அனுபவத்தை நீங்களே தேடிக்கொள்ளுங்கள் என்று கைகழுவியது. எனக்கு நிலையம் இருந்தது, பிழைத்தேன். வங்கிக்காரர் இடம் கேட்டு மின்னஞ்சல் மேல் மின்னஞ்சலாகப் போட்டுக் கடைசியில் தன் அக்கா பிள்ளைகளை வைத்தே ஒப்படைப்பை எழுதினார், சொந்தக்காரரை வைத்துச் செய்யக் கூடாது என்று நெறிமுறை வகுப்பில் படித்த அதே ஆள்.

மூன்றாவது இரகசியம் காப்பது பற்றி. தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிள்ளை வரைந்த படத்தைக் கைப்பேசியில் எடுக்கவும் ஒப்புதல் வேண்டும் என்பது, எல்லாம் சொன்னார்கள். ஆனால் நம் ஆட்களுக்கு உள்ள சிக்கல் வேறு. லிட்டில் இந்தியாவின் தேக்காவில் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் தெரிந்த முகம் நாலு பார்த்துவிடும் ஊர் இது, தமிழ் பேசும் ஆலோசகர்கள் கொஞ்சம் பேர்தான், போகிற ஆலோசகர் நம் அத்தையின் கோயில் தோழியாக இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. அதனால் பலர் வேற்று இன ஆலோசகரிடம் அரைகுறை ஆங்கிலத்தில் பேசுவதே மேல் என்று போகிறார்கள். இப்படிச் சின்னச் சமூகத்தில் வேலை செய்பவர் எப்படி நடந்துகொள்வது, கல்யாண வீட்டில் எதிரே வந்தால் என்ன செய்வது? இடைவேளையில் சாரும் நானும் பேசிக்கொண்டதுதான், பாடத்தில் இல்லை. வகுப்பிலேயே சொந்தக் கதையை வரையச் சொல்லி, அதைப் பற்றி எழுதியதற்கு மதிப்பெண்ணும் போடுகிறார்கள், அது எனக்கு இன்னும் நெருடலாக இருக்கிறது. நான் பாதுகாப்பாக ஒரு வேப்பமரத்தை வரைந்துவிட்டு வந்தேன்.

அறையில் ஒரே ஒரு கைகழுவும் தொட்டி, களிமண் வகுப்பன்று அதற்கு முன்னால் நின்ற வரிசையைப் பற்றி எழுதினால் தனிக் கட்டுரை ஆகிவிடும், விடுங்கள்.

கட்டணம்: முழு விலைக்கு நான் சேர்ந்திருக்க மாட்டேன். தகுதிபெறும் பாடமாக இருந்தால் 40 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற அரசாங்கத் திறன் பயிற்சித் திட்டம் வழியாகக் கட்டணத்தில் 90 விழுக்காடு வரை மானியம் கிடைக்கும். 2024 மே மாதம் 40 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்கள் கணக்கில் போட்ட 4,000 சிங்கப்பூர் வெள்ளியையும் குறிப்பிட்ட சில பாடங்களுக்குப் பயன்படுத்தலாம், எல்லாப் பாடத்துக்கும் அல்ல, சேரும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். இளையவர்கள் கையிலிருந்து போடுவது அதிகம், அவர்கள் இரண்டு முறை யோசிக்கலாம்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். கற்பித்த விதத்துக்கு நாலரை, நிர்வாகத்துக்கு இரண்டு, கூட்டிக் கழித்து நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். தகவல் கூட்டத்துக்குப் போனால் மூன்று கேள்வி கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கற்பிக்கிறவர் இப்போதும் நேரடியாகக் குடும்பங்களைப் பார்க்கிறாரா, களப்பயிற்சிக்கு இடம் அவர்கள் பிடித்துத் தருவார்களா, மேற்பார்வை யார். வகுப்புக்குப் பழைய சட்டை போட்டுப் போங்கள், ஆயில் பாஸ்டல் கறை லேசில் போகாது. முன்னாடியே ஏதாவது சாப்பிட்டுவிடுங்கள், பத்து மணிக்கு வெளியே வரும்போது வளாகத்து உணவுக்கடை மூடியிருக்கும்.